புள்ளி வைக்காத பெயர்

ஞாயிறு காலை பத்து மணிக்கு
ரோஸ்டாக்கில் கடை எதுவும் திறந்திருக்காது.
துறைமுகத்திலிருந்து காற்று மட்டும்
வேலைக்கு வரும்,
நானும்.

கிரேன் ஓட்டுகிறவனுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை.
அதில் இரண்டரை மணி நேரத்தை
ஜெப ஆலய வாசலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
பெற்றோர் முறைவைத்துக் காவல்.
மஞ்சள் சட்டை, ஒரு வாக்கிடாக்கி,
அதில் எப்போதும் பாதி பேட்டரி.
எதிரே போலீஸ் கார். உள்ளே ஹென்னிங்
தெர்மாஸ் மூடியில் சூப் குடிக்கிறான்.

யாரும் வருவதில்லை.
யாரும் வரக்கூடாது என்பதுதான் வேலை.
ஒருமுறை முகவரி தவறி பீட்ஸா வந்தது.
பெட்டியை நான் திறந்து, கிளறிப் பார்த்தபோது
கொண்டுவந்த பையனின் முகம்...
அதை வீட்டில் சொல்லவில்லை.

முதல் மாடி ஜன்னலை, பனியே பெய்தாலும்,
விரற்கடை அளவு திறந்துவைப்பாள் இன்பார்.
ஹைஃபாவிலிருந்து கடற்பாசி ஆராய வந்தவள்.
ஞாயிறுதோறும் ஒன்பது பிள்ளைகளுக்கு
எழுத்து சொல்லித் தருகிறாள்.
ஒன்பது என்பது அவள் கணக்கு.
ஜன்னலுக்குக் கீழே நிற்பவனைச் சேர்த்தால் பத்து.

ஆலெஃப் என்று ஓர் எழுத்து. அதற்கு ஒலி கிடையாதாம்.
அப்பா ஞாபகம் வந்தது.

விடெப்ஸ்கில் அவர் பாஸ்போர்ட்டின் ஐந்தாவது வரியில்
'யூதர்' என்று எழுதியிருந்தது.
அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது.
எங்களுக்குத்தான் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.
பனி உருகும் மாதத்தில் எங்கிருந்தோ
தட்டையான ரொட்டி வரும், செய்தித்தாளில் சுற்றி.
யார் கொடுத்தது என்றால்
"சாப்பிடு" என்பார்.
மறுபடி கேட்டால் ரேடியோவைக் கூட்டுவார்.

எழுதுவது மெய் மட்டும்தானாம் இந்த மொழியில்.
உயிரை எழுதமாட்டார்களாம்.
வாசிக்கிறவன் தன் வாயிலிருந்து போட வேண்டுமாம்.
சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்
எழுத்தின் காலடியில் புள்ளி வைத்துக் கொடுப்பார்கள்,
புள்ளி வைத்தால் உயிர் வரும்.
வளர்ந்துவிட்டால் அதுவும் கிடையாது.
நாற்பத்தாறு வயதில் நான் இதை
அண்ணாந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சென்ற வாரம் ரிவா ஒரு தாள் கொண்டுவந்தாள்.
மே மாதம் அவளைத் தோராவின் முன் அழைக்க
உரக்கச் சொல்ல வேண்டிய பெயர்:
ரிவ்கா, இன்னாரின் மகள்.
இன்னார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு.

"உன் எபிரேயப் பெயர் என்ன?"
"அர்காடி."
"அது கிரேக்கம். தேடிப் பார்த்துட்டேன்."
"அப்படின்னா இல்லை."
"எல்லாருக்கும் இருக்குமே."
"எனக்கு வைக்கலை."
சாப்பாட்டு மேஜையில் உப்பு வைக்கவில்லை என்பதுபோல
வந்துவிட்டது அந்தப் பதில்.

நீங்களே ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள் அலுவலகத்தில்.
பட்டியல் கொடுத்தார்கள்.
கடையில் செருப்புப் போட்டுப் பார்ப்பதுபோல
ஓர் இரவு முழுக்கப் போட்டுப் பார்த்தேன்.
நல்ல பெயர்கள்தான். யாரோ நடந்து தேய்த்தவை.

ரிவா காத்திருக்கவில்லை.
பென்சிலை எடுத்து, வலமிருந்து இடமாக
ஆலெஃப், ரேஷ், கோஃப், தாலெத், யோத்.
அர்காடி.
புள்ளி வைக்கவில்லை.
மறந்தாளா, வேண்டுமென்றேயா, கேட்கவில்லை.

இன்று மாடியில் திடீரென்று சிரிப்பு.
இன்பார் தலையை வெளியே நீட்டினாள்.
"உங்க பேர்ல கடைசி எழுத்தைக் கையால மறைச்சா
என்ன வருது தெரியுமா?
ஆடுவேன். 'நான் ஆடுவேன்'னு வருது."

"எனக்கு ஆடத் தெரியாது."

"எதிர்காலம்தானே" என்றாள்.
ஜன்னலை மூடாமலே உள்ளே போனாள்.

கடற்காற்று சட்டைக்குள் புகுந்தது.
ஒரு காலைத் தூக்கி வைத்தேன்,
பிறகு மற்றதை.
ஹென்னிங் கார்க் கண்ணாடியை இறக்கி
"குளிரா?" என்றான்.
ஆமாம் என்றேன்.
வாக்கிடாக்கி கரகரத்தது:
வாசலில் எல்லாம் சரிதானே?
கால் மாற்றிக்கொண்டே
சரி என்றேன்.