உள்ளங்கை மேலே பார்க்க

சனிக்கிழமை காலை ஒன்பது மணி.
தோ பாயோ சமூக மன்றம், மூன்றாம் மாடி.
ஆறு பாய்கள்.
என்னுடையது சன்னலோரம்,
குளிர்சாதனப் பெட்டி சொட்டுகிற இடம்.

மனநல ஆலோசகர் ஹுவேய் மின்
முதல் வாரமே ஒரு தாள் தந்திருந்தார்.
நடந்தது என்ன, தோன்றியது என்ன,
உடம்பில் எங்கே, எத்தனை விழுக்காடு.
இருபத்திரண்டு வருடம்
மின்தூக்கிப் பராமரிப்புப் பதிவேடு எழுதிய கை.
அந்த நடையில்தான் எழுத வந்தது:
'நெஞ்சுப் பக்கம் சத்தம்.
காரணம் தெரியவில்லை.
எண்பது விழுக்காடு.
மறுபடி பார்க்க வேண்டும்.'
அவர் சிரிக்கவில்லை.
நல்ல பதிவு என்றார்.

மூச்சு எனக்குச் சீக்கிரமே பிடிபட்டது.
நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு.
எதிர் எடை இறங்கினால் பெட்டி ஏறும்;
இதற்கு எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.
பூனை மாதிரி முதுகை வளைக்கவும் வந்தது.
பக்கத்துப் பாயில் ரோஸ்னா அக்கா,
பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்,
முழங்காலை மலாயில் திட்டிக்கொண்டே வளைந்தார்.

கடைசிப் பத்து நிமிடம்தான் ஆகவில்லை.
விளக்கை அணைத்துவிட்டு
மெல்லச் சொல்வார்:
சவாசனா.
மற்ற ஐந்து பேருக்கும் அது
ஏதோ வாசனைத் தைலத்தின் பெயர்.
அந்த அறையில் எனக்கு மட்டும்
முதல் இரண்டு எழுத்தின் பொருள் தெரியும்.

உள்ளங்கை மேலே பார்க்கட்டும்.
பாதங்கள் தானாக விலகட்டும்.
தரை உங்களைத் தாங்கட்டும்.

தாங்கியது.
யீஷூனில் ஒரு புளோக்கின் குழித்தரை
சின்னராசுவை அப்படியேதான் தாங்கியது.
உள்ளங்கை மேலே பார்க்க,
பாதங்கள் தானாக விலகி.
அறந்தாங்கிக்காரன்.
வேலை அனுமதி முடிய ஐந்து மாதம் இருந்தது.
ஸ்பேனர் எடுக்க நான் திரும்பிய நேரம்.
ஒரு கையுறை மட்டும்
மேலேயே, தளத்தின் விளிம்பில்,
இன்னும் யாரோ மாட்டிக்கொள்ளப் போவதுபோல.

மூன்று வாரமும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.
நாலாவது வாரம்
ஹுவேய் மின் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
முதலில் அந்தச் சொல்லின் பொருளைச் சொன்னேன்.
பிறகு மற்றதை.
என் ஆங்கிலம் பாதியில் நின்றது,
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே.
கதவை நெம்பித் திறக்க அவர் அவசரப்படவில்லை.
காத்திருந்தார்.

'பெயரை மாற்றிவிடலாம்,' என்றார் கடைசியில்.
'உங்கள் மொழியில் வேறு சொல் உண்டா?'
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்
ஹாலில் கிடக்கும் என்னைப் பார்த்து
என்ன செய்றீங்க என்பாள் மனைவி.
அதற்கு நான் சொல்லும் பதில் ஒன்று உண்டு.
'சும்மா,' என்றேன்.
எழுதிக்கொண்டார். பொருள் கேட்டார்.
வேலை இல்லாமல். காரணம் இல்லாமல். காசு இல்லாமல்.
சில நேரம் பொய்யாக.
எல்லாவற்றுக்கும் அதுதான், என்றேன்.

அன்று ஒருக்களித்துப் படுத்தேன்.
முழங்கால் மடக்கி, கை மூடி, கண் மூடாமல்.
பதினோரு மூச்சு.
பன்னிரண்டாவதில் சின்னராசு வந்தான்.
விரட்டவில்லை.
வந்திருக்கிறான் என்று குறித்துக்கொண்டேன்:
நெஞ்சு, இடப்பக்கம்,
எழுபது இருக்கும்.

கீழே கோப்பிக்கடையில்
ரோஸ்னா அக்கா என்னைக் காசு எடுக்க விடவில்லை.
'சூமா-சூமா,' என்றார்.
'எங்க பாஷையிலயும் இருக்கு, தம்பி.
காசு வேணாம்.'
கோப்பி ஓ, சீனி கம்மி. நாக்கைச் சுட்டது.
சுட்டதை மட்டும் கொஞ்ச நேரம் கவனித்தேன்.

வீட்டுக்கு ஒன்பது மாடி.
சம்பவத்துக்குப் பிறகு
வேலை தவிர்த்து எங்கும் படிதான்.
இன்று பொத்தானை அமுக்கிவிட்டு நின்றேன்.
வந்தது. கதவு திறந்தது.
உள்ளே வெளிச்சம், ஒரு விளம்பரத் தாள், யாரும் இல்லை.
ஆறு எண்ணி விட்டேன்.
கதவு மூடிக்கொண்டது.

மறுபடி அமுக்கினேன்.