நைட் ஷிப்ட்

எட்டே முக்காலுக்கு நித்திலா
பல் துலக்கிவிட்டு வருவாள்.
நான் கைகழுவி, எதையும் தொடாமல்
விரல்களைத் தூக்கிப் பிடித்து நிற்பேன்.
'ஆப்பரேசன் ஆரம்பிச்சாச்சா?' என்பான் பூபதி.

வலதுக்கு நீலம். இடதுக்குப் பச்சை.
சட்டைப் பொத்தான் அகலம்,
வெங்காயச் சருகின் கனம்.
'கண்ணு, கண்ணைத் தொற.'
முதல் வாரம் இமைகள் திறக்கவேயில்லை;
ஆள் உள்ளே இருக்கத் தாழிட்ட வீட்டின்முன்
கந்துக்காரனாய் நின்றேன்.
இப்போது அவளே விரித்துக் கொடுக்கிறாள்,
மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு.

பக்கத்துக் குடோனில் தறி ஓடும்.
பல்லடத்துத் தூக்கத்துக்கு அதுதான் தாளம்.
மூடிய இமைக்குக் கீழே
இரண்டு வில்லைகளும் வேலைக்கு இறங்கும்.
விழியின் முகட்டை இரவெல்லாம் மெல்ல அமுக்கி,
ஒரு பகலுக்குத் தாங்கும் தட்டையைக் கொடுத்துவிட்டு
விடிந்ததும் டப்பாவுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.
கூலி முன்பணமாகவே போய்விட்டது.
விலை சொன்னபோது பூபதி
எழுந்து தண்ணி குடிக்கப் போனான்.

'நிறுத்த முடியாதுங்க' என்றார்
கோயமுத்தூர் டாக்டரம்மா.
'ஏறுற வேகத்தைக் கொறைக்கலாம்.
அதுவும் எல்லாக் கொழந்தைக்கும் ஒரே மாதிரி இல்லீங்.'
ஏழு வயதில் ஒன்றேகால்.
எட்டில் இரண்டு.
ஒன்பதில் இரண்டே முக்கால்.
சீட்டில் வட்டிக்கணக்காய் இறங்கியது வரிசை.
என் கணக்கும் அவருக்குத் தெரியும்:
மைனஸ் ஒன்பது,
விழித்திரை ஓரத்தில் லேசர் போட்ட தழும்பு.
கண்ணாடியைக் கழற்றினால்
கட்டியவனே ஒரு சட்டையின் நிறம்தான்.

ஆடிக் காற்றில் கரண்ட் போய் வந்த
ஒரு வெள்ளிக்கிழமை
பச்சை விரலிலிருந்து நழுவியது.
'அசையாதீங்க' என்றேன்.
மூன்று பேரும் முழங்காலிட்டோம்.
பூபதிக்குத் தூரம் சுத்தமாகத் தெரியும்,
கிட்டத்தில்தான் இந்த வருசமாக
பாவு நூல் ரெண்டு ரெண்டாகிறது.
எனக்கோ கண்ணாடி போட்டால் தரை வளையும்,
எடுத்தால் தரையே இல்லை.
நித்திலா டைல்ஸில் கன்னம் வைத்தாள்.
செல்போன் வெளிச்சத்தைச் சாய்க்கச் சொன்னாள்.
'இதா இருக்குது, எறும்புக்குப் பக்கத்துல.'

கிட்டப்பார்வை.
குறையின் பெயராய்ச் சீட்டில் இருந்த சொல்லை
அன்றைக்குத்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

அன்று போடவில்லை.
சப்பைத் தண்ணியில் கழுவக்கூடாது,
வாரத்துக்கு ஒருமுறை வரும் ஆத்துத் தண்ணியிலும் கூடாது.
மருந்து நீரில் ஊறட்டும்,
டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று
இரண்டு கண்ணுக்கும் லீவு விட்டோம்.

மறுநாள் மொட்டை மாடி.
தினம் ரெண்டு மணிநேரம் வெளியே, வெளிச்சத்தில்
என்பதும் அந்தச் சீட்டில் உண்டு.
டியூசன் இல்லாத சனிக்கிழமைதான் அதற்கு வாய்க்கிறது.
கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகள்.
நேற்றுவரை றெக்கைகளை எண்ணியவள்
கண்ணைச் சுருக்கினாள்.
'கம்பம் மட்டுந்தாம்மா நிக்குது.
றெக்கையெல்லாம் கழட்டிட்டாங்களா?'
ஒரே ஒரு ராத்திரி.
தீபாவளிக்கு ஊர் போகும் தறிக்காரனைப்போல
விழி தன் பழைய வளைவுக்குக் கிளம்பிவிட்டது,
பாதி வழி போயும் விட்டது.

'இருக்குது கண்ணு. மூணும் சுத்துது.'
'நெசமாவா? உன் கண்ணாடியைக் குடு.'
பிடுங்கி மாட்டினாள்.
'அய்யோ, தலை சுத்துது' என்று
என்மேல் சாய்ந்தாள்.
எனக்கு மேற்கே எதுவும் இல்லை,
காற்றாலை இல்லை, பக்கத்து மாடிக் கொடித்துணி இல்லை.
அரைச் சாண் தூரத்தில் அவள் புருவம்,
அதில் ஒட்டிய பவுடர்,
ஒவ்வொரு முடியாய்.

'ரெண்டு மணி நேரம் ஆயிருச்சா? கீழ போலாமா?'

பத்து நிமிசங்கூட ஆகலை.