மேசையின் உயரம்

காட்பாடி மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள்
ஏழு இடத்தில் ஆட்டோ தூக்கிப் போடும்.
ஏழையும் என் கழுத்து
முன்கூட்டியே எண்ணி வைத்திருக்கிறது.
கிரீன் சர்க்கிளில் சாலை கடக்கத்
தலையை மட்டும் திருப்ப முடியாது.
லாரி வளைவதுபோல
மொத்தமாய்த்தான் வளைய வேண்டும்.

மூன்றாம் நம்பர் ஆபரேஷன் தியேட்டரில் மேசை
ஆறடி ஆட்களுக்காக நிற்கிறது.
நான் ஐந்தடி ஒன்று.
எனக்கென்று ஓர் இரும்புப் படி உண்டு,
வெள்ளை பெயின்டில் 'தேன்மொழி' என்று எழுதி
கீழே யாரோ வரைந்த பூவும்.
படியில் ஏறினால் பெடல் தரையில் கிடக்கும்,
ஒரு கால் மேலே, மறுகால் துழாவிக்கொண்டு.
கோட்டை அகழிக் கொக்குக்காவது
மீன் சிக்கியதும் பறக்கலாம்.

திரை வலப்பக்கம். வயிறு நேர் எதிரே.
கண் ஒரு திசை, கை ஒரு திசை,
நடுவில்
பிழிந்து உதறாமல் விட்ட துணியாய்க் கழுத்து.
கருவியின் பிடி
பெரிய கைகளுக்கு அளவெடுத்தது.
ஆறாம் நம்பர் கையுறைக்குள்
கட்டைவிரல் மரத்துப்போனால்
குடலுக்கு அது தெரியக் கூடாது.

வீட்டில் கொடியில் துணி போட
வலது தோள் எழும்பாது.
ஜெயசீலன் போடுகிறார்.
ஒன்றும் கேட்பதில்லை.
மயக்க மருந்து ஹெப்சிபா
முகக்கவசத்துக்குள் சிரிப்பாள்:
"வந்துட்டியா, ஸ்ப்ரே வாசனையிலேயே தெரியுது."
அவளுக்கு இடுப்பு.

பேரணாம்பட்டு ஜைபுன்னிசா.
பித்தப்பை. வயது நாற்பத்தாறு. வேலை: பீடி.
வயிற்றை அழுத்திப் பார்த்து நிமிர்கையில்
என் கை தானாய்ப் பிடரிக்குப் போனது.
பார்த்துவிட்டார்.
"உங்களுக்கும் இருக்காம்மா?
ஒரு நாளைக்கு எத்தனை போடுவீங்க?"
"மூணு."
"மூவாயிரமா!"
"மூணு வயிறு."
அடுத்த கட்டில்வரை கேட்கச் சிரித்து
வலி வந்து பாதியில் நிறுத்தினார்.
"நான் ஆயிரம். எனக்கும் இதே இடம்தான்."
எழுந்து உட்கார்ந்து, என்னைக் குனியச் சொல்லி,
எம்ஆர்ஐ கண்டுபிடித்த அதே முடிச்சில்
விரல் வைத்து அழுத்தினார்.

மறுநாள் அவர் வயிறு
காற்று நிரம்பி மேடானதும் சொன்னேன்:
"முனிரத்தினம், மேசையை இறக்குங்க."
பதினோரு வருஷத்தில் முதல்முறை.
"எவ்வளவு டாக்டர்?"
"நாலு அங்குலம்."
முனகிக்கொண்டே இறங்கி மூன்றில் நின்றது.
"இதுக்கு மேல போகாது டாக்டர்."
மீதி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டேன்.

படியை உதைத்துத் தள்ளினேன்.
பாதத்துக்கடியிலேயே பெடல்.
ஐந்து நிமிடம் நன்றாக இருந்தது.
பிறகு திரையில் படம் ஆடத் தொடங்கியது.
கேமரா பிடித்த இளஞ்செழியன், ஆறடி இரண்டு,
கார் டிக்கியில் எதையோ தேடுகிறவன்போல்
குனிந்திருந்தான்.
வலியை நான் இறக்கவில்லை,
எதிர்ப்பக்கம் நகர்த்தியிருக்கிறேன்.
"ஸ்டூல் போட்டு உட்காருப்பா."
கெட்ட வார்த்தை சொன்னதுபோல்
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
மேசைக்கு இந்தப் பக்கம்
யாரும் உட்கார்ந்ததில்லை.
உட்கார்ந்தான். படம் நின்றது.
பை வெளியே வந்தது, உள்ளே பதினேழு கற்கள்,
துவரம்பருப்பு அளவில்.

படிவத்தை நிரப்பினேன்.
துணி எண்ணிக்கை சரி. ரத்தம் இருபது மில்லி.
நேரம் ஐம்பத்தைந்து நிமிடம்.
ஸ்டூலைப் பற்றி எழுத இடமில்லை.

காலை ரவுண்ட்ஸ்.
ஏழு மணிக்கே பாறைக்குன்றின் அனல் ஜன்னலில்.
போர்வைமேல் அவர் விரல்கள்
இல்லாத இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தன.
"நேத்து எத்தனை?"
"நாலு."
"ஒண்ணு கூட. தப்பும்மா."
பிறகு, தொழில்காரி தொழில்காரியைக் கேட்பதுபோல்,
"கழிவு எவ்வளவு போகும்?
என்கிட்ட ஆயிரத்துக்கு ஐம்பது கழிச்சுடுவான்."

ஆற்காட்டுக் கட்டிட மேஸ்திரி, ஒரு ஜூன் மாதம்.
அதற்கு முந்தின வருடம் ஒரு பெண்,
பெயர் தெரியும்.
டிரிப் சொட்டுவதை எண்ணுகிறவள்போல் நின்றேன்.
அந்தப் பக்கம் மட்டும்
கழுத்து திரும்புவதே இல்லை.