மாதிரிப் பலகை

ஹெல்யு முதல்முறை வந்தது ஒரு செப்டம்பரில்.
மழைக்கோட்டைக் கழற்றாமலே கேட்டாள்:
"தோட்டத்தில் மரத்தரை போட வேண்டும்.
வெறுங்காலில் நடப்பேன். எது நல்லது?"

ஹாப்ஸலுவில் இருபத்திரண்டு வருடமாக மரம் விற்கிறேன்.
இதற்கான பதிலைத் தூக்கத்திலும் ஒப்பிப்பேன்.

பைன் மலிவு; மருந்தேற்றியதால் கொஞ்சம் பச்சை முகம்.
லார்ச்சில் வளையங்கள் நெருக்கம், ஆனால் சிராய் ஏறும்,
காலுறையோடு நடப்பவர்களுக்குச் சரி.
"எனக்கு வேண்டாம், மேலே சொல்லுங்கள்."
ஆஷ் இந்த நாட்டுக்காரன்.
இருநூறு டிகிரியில் சுட்டெடுத்தால் காபி நிறம்,
பூஞ்சைக்குத் தின்ன ஒன்றும் மிச்சமிருக்காது.
ஓக் கோபக்காரன்,
இரும்பாணி பட்டால் கறுத்துவிடுவான்.
கடைசியாக, குரலைத் தாழ்த்தி, ஈப்பே:
பிரேசிலிலிருந்து கப்பலேறி வந்தது,
ஐம்பது வருட உத்தரவாதம்.

"எனக்கு எழுபத்தொன்று," என்றாள்.
"மிச்சத்தை என்ன செய்ய?
பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதி வைக்கவா?"

ஐந்திலும் இரண்டடி மாதிரி கொடுத்தேன்.
பதினான்கு நாளில் திருப்புவதாகக் கையெழுத்து.
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
பேருந்துக்கு ஓடினாள்.

அக்டோபரில் தொலைபேசி:
"உங்கள் பிரேசில்காரன் மூழ்கிவிட்டான்."
மழைத்தொட்டியில் ஐந்தையும் போட்டுப் பார்த்தாளாம்.
துறைமுகக் கணக்கில் முப்பது வருடம் இருந்தவள்;
மரம் மூழ்குவது அவளுக்குக் கூட்டல் பிழை.
வாருகோலால் துழாவி எடுத்தேன் என்றாள்,
குரலில் கொஞ்சம் மரியாதை கூடியிருந்தது.

நவம்பரில் இன்னொன்று:
"பலகைக்கும் பலகைக்கும் நடுவே எவ்வளவு சந்து?"
ஐந்து மில்லிமீட்டர். நனைந்தால் மரம் பருக்கும்.
"அந்தச் சந்தில் என்ன விழும்?"
மழைதான்.
"மழை மட்டும் விழுகிற வீட்டை
நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

பழைய தரைகளைப் பெயர்க்கையில்
அடியில் கிடைத்ததையெல்லாம் நினைத்துக்கொண்டேன்.
ஊசி. சூரியகாந்தி விதைத் தோல்.
காது மெஷினின் பொத்தான் பேட்டரி.
ஒருமுறை, ஆணின் கல்யாண மோதிரம்.
வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு,
"கிடக்கட்டும், மேலேயே புதுசைப் போடு" என்றாள்.
போட்டேன்.
ஹெல்யுவிடம் "தீக்குச்சி" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு பனி. விரிகுடா உறைந்தது.
கடையில் விறகைத் தவிர எதுவும் நகரவில்லை.
மாதிரிகள் திரும்பவில்லை;
முதலாளி ஊர்மஸ் அவள் பெயருக்கடியில்
சிவப்பில் ஒரு கோடு போட்டார்.
அடுத்த வருடம் இன்னொரு கோடு.

அதற்கடுத்த மே மாதம், பில் புத்தகத்தோடு
நானே கிளம்பிப் போனேன்.

ஆப்பிள் மரத்தடியில்
ஐந்து மாதிரிகளையும் ஒட்டி ஒட்டி அறைந்து
ஒரு மேடை. சரியாக ஒரு நாற்காலி அளவு.
இரண்டு குளிர்காலங்கள்
எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கியிருந்தன.
விற்றவன் நான், முழங்காலிட்டுப் பார்க்கிறேன்,
எது காசு, எது மலிவு, தெரியவில்லை.
ஒன்றில் மட்டும் ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம்:
ஓக், இன்னும் கோபத்தில்.

பலகைகள் ஒரே கனமில்லை.
இருபத்தொன்று, இருபத்தாறு, இருபத்தெட்டு மில்லிமீட்டர்.
நாற்காலி ஆடியிருக்க வேண்டும்.
ஆடவில்லை.
இடது பின்காலுக்கடியில்
எட்டாக மடித்துச் செருகியிருந்தது எங்கள் கடைத்தாள்.
ஐம்பது என்ற எண்ணின் சுழி மட்டும்
வெளியே தெரிந்தது.

"உட்காருங்கள்," என்றாள்.
இருப்பது ஒரே நாற்காலி.
உட்கார்ந்தேன். பில் புத்தகம் மடியில்.
காபி எடுக்கப் போனாள் ஹெல்யு,
புல் மேல்,
வெறுங்காலில்.