ஏற்றவற்றம்

அரியமானில் பலகை நட்ட அன்றே
காற்று அதைச் சாய்த்துவிட்டது.
மறுநாள் சிமெண்டு வைத்து நிறுத்தினார்கள்.
கடற்கரையில் புகைபிடிக்கத் தடை,
மீறினால் இருநூறு.
எனக்கு ஒரு ரசீதுப் புத்தகம்,
ஒரு கார்பன் தாள்,
சேலைக்கு மேலே போட்டுக்கொள்ள
முதுகில் ஊராட்சி பெயர் போட்ட பச்சைச் சட்டை.

காலையில் பொறுக்கும் வேலையும் என்னுடையதுதான்.
ஒரு திங்கட்கிழமை எண்ணிப் பார்த்தேன்,
நானூற்றுப் பதினேழு.
பீடித்துண்டு மண்ணோடு போகும்.
பஞ்சு வைத்தது போகாது.
அலை அதை இழுத்துப்போய் அலசி
பாசியோடு திருப்பிக் கொண்டுவந்து போடும்.
அதற்கும் வேண்டாம்.

கீழக்கரைக் குடும்பம் ஒன்று,
பாய் விரித்து நெய்ச்சோறு பிரித்தது.
பதினோரு மாதப் பிள்ளை,
மணலில் எதையோ எடுத்து மென்றது.
விரல் விட்டுத் தோண்டி எடுத்தேன்.
பஞ்சு. ஊறியிருந்தது.
அன்றிலிருந்து யாருக்கும் நான் இரங்குவதில்லை.

பரமக்குடிக்காரர் ஒருவருக்கு எழுதினேன்.
பணத்தை எண்ணித் தந்த மனைவி சொன்னாள்,
'நாளைக்கும் சேத்து எழுதிக்கங்க.'
போலீஸ்காரர் ஒருவருக்கு எழுதவில்லை.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு கிளமென்ட் வந்தார்,
தங்கச்சிமடம்,
காதில் செருகிய பீடியோடு.
பலகையை இரண்டு தரம் வாசித்தார்.
'கடற்கரைன்னா எதுவரைக்கும் தாயி?'
ஈரமணலைக் காட்டினேன்.
செருப்பைக் கழற்றிப் பலகைக்கடியில் வைத்தார்.
கைலியை மடித்துக் கட்டினார்.
கணுக்கால், முழங்கால்,
இன்னும் கொஞ்சம்.
அங்கே நின்று பற்றவைத்தார்,
கை பொத்தி, மூன்று குச்சி.

சிரித்துவிட்டேன்.
சட்டத்தில் கடல் இல்லை.

தண்ணீரிலிருந்தே சத்தமாகப் பேசினார்.
'நம்ம மிஷின்ல பாத்தா நான் இந்தப் பக்கம்.
அவங்க மிஷின்ல அந்தப் பக்கம்.
எட்டு மாசம் உள்ள.
படகு அங்கன மண்ணுல சரிஞ்சு கெடக்கு,
எஞ்சினக் கழட்டிட்டாங்களாம்.
நீ ஒருத்திதான் தாயி
கோட்டக் கைய நீட்டிக் காட்டுன.'

பேச்சு வாக்கில் திரும்பி நடந்தார்.
பீடி உதட்டில் புகைந்துகொண்டிருந்தது.
இரண்டடி, ஈரமணலில்.
அவரே குனிந்து பார்த்தார்,
பிறகு என்னை.

'எழுது' என்றார்.
'பரவால்ல, போங்க.'
'எழுது தாயி.
அங்க கோர்ட்டுல குடுத்த சீட்டு சிங்களத்துல இருந்துச்சு.
என்ன தப்பு பண்ணேன்னு
இன்னைக்கு வரைக்கும் எனக்கு வாசிக்கத் தெரியாது.'

எழுதினேன்.
பெயர். தகப்பன் பெயர், மிக்கேல்.
குற்றம், புகைபிடித்தது.
இடம் என்ற கோட்டில் கை நின்றது.
ஈரமணல் என்று போட்டேன்.

வாங்கி உரக்க வாசித்தார்,
ஓலை வாசிப்பதுபோல்.
பீடியை நுனியில் கிள்ளி
தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.
சட்டைப்பையில் நூற்று முப்பது இருந்தது.
மீதியை நான் போட்டேன் என்றால்
கேட்க நன்றாயிருக்கும்.
போடவில்லை. எனக்குச் சம்பளமே இரண்டு மாத பாக்கி.
'எழுவது நாளைக்கு' என்று போனார்,
வெறுங்காலோடு.

இன்று ஒன்பதாம் நாள்.
நடுவில் கடலுக்குப் போனாராம்,
வேறொருவர் படகில்.
வற்றத்தில் பிரச்சினை இல்லை.
ஏற்றம் வரும்போதெல்லாம்
பலகைக்கடியில் கிடக்கும் அந்தச் செருப்பை
ஒரு சாண் மேலே தள்ளி வைக்கிறேன்.