முப்பத்தோராம் நாள்

கச்சான் எழும்பினால் நான் முதலில் பார்ப்பது காதுகளை.
தொட்டால் தெரியும்:
வெயிலில் கிடந்த தகரம் போலக் கொதிக்கும்.

எழுபத்தொன்பதில் மிருக வைத்தியர் சிரித்தார்.
“அங்கோரா முயல் குளிருக்குப் பிறந்தது, பிள்ளை.
திருகோணமலையில் மூன்று மாதம் தாங்காது.”
மூன்றாம் மாதம் முதல் ரோமம் வெட்டினேன்.
நூற்று நாற்பது கிராம்.
மீன் தராசில் நிறுத்ததால்
இரண்டு செதிலும் அதற்குள் அடக்கம்.

சவிரிமுத்துவுக்கு ஐஸ் பக்டரியில் வேலை.
மத்தியானம் சைக்கிள் கரியரில்
சாக்கு சுற்றி ஒரு கட்டி கொண்டுவருவார்.
பாலையூற்றுக்கு வந்து சேர்வது அரைக் கட்டி,
மிச்சம் வீதி நெடுகச் சொட்டிய கோடு.
இடித்துச் சோடாப் போத்தல்களில் அடைத்து
கூட்டுக்கு ஒன்று வைப்போம்.
முயல்கள் அதில் சாய்ந்து கிடக்கும்,
சம்பள நாளில் மனுசர் கிடப்பதுபோல.

ஐஸில் வெடித்த அவர் கைகளுக்கு
என் முதல் நல்ல நூலில் கையுறை பின்னினேன்.
செம்மறி மயிரிலும் ஏழு மடங்கு சூடு என்று
புத்தகத்தில் இருந்தது.
ஒரே நாள்.
ஐஸ் தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்து
ஒரு குழந்தையின் கை அளவுக்கு வந்து நின்றது.
எங்களுக்குக் குழந்தை இல்லை.
அவர் அதை மணிக்கூட்டுக்குப் பக்கத்தில்
ஆணியில் மாட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.

சைக்கிள் றிம்மில் செய்த இராட்டை.
பருத்தி மாதிரி இது பிடி கொடாது, நழுவும்.
முறுக்கு ஏறிய பிறகுதான்
விரல்களுக்கு நடுவே ஏதோ இருந்தது என்று தெரியும்.
“சொதியிலும் உன்ரை மயிர், எமில்டா!”
நேசமலர் வேலிக்கு மேலால் கத்துவாள்.
நூகுலெவ்வை காக்கா நூலை வாங்கி
நுவரெலியாவுக்கு லொறியில் அனுப்புவார்.
அங்கே யாரோ போடுகிறார்கள்.
நாற்பது வருசத்தில் ஒருவர் உடம்பிலும்
அதை நான் கண்டதில்லை.

பெறுவதற்கு முதல்நாள்
பெட்டை தன் வயிற்று மயிரைத் தானே பிடுங்கும்.
பெட்டிக்குள் பரப்பும்.
அந்த மயிரை நான் நூற்பதில்லை,
யாரும் சொல்லித்தராத ஒரு முறை.
ஒரேயொரு தரம் மீறினேன்.
எண்பத்தாறில், எட்டுக் குட்டியும்
ஒரே பின்னேர வெக்கையில் போனபோது
பெட்டி நிறைய மயிர் இருந்தது, சும்மா, இன்னும் சூடாக.
பன்னிரண்டு கிராம்.
காக்காவிடம் அது போகவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம்
கொப்பியில் ஒரு வரி பாதியில் நிற்கிறது:
“61, பெட்டை, இருபத்தாறாம் நாள்”
கூடுகளைத் திறந்துவிட்டு ஓடினோம்.
சவிரி எடுத்தது அடையாள அட்டை இரண்டும்
ஆணியில் இருந்த அதுவும்.

ஏழு மாதம் கழித்துத் திரும்பினால் கூரை இல்லை.
இராட்டை றிம்மை யாரோ
மறுபடி சைக்கிள் ஆக்கியிருந்தார்கள்.
மாதா கோயில் மணிக்கூண்டடியில் ஒன்று கிடந்தது.
முயல் என்று சொல்லமாட்டீர்கள்.
சடையில் முள்ளும் சருகும் இறுகி
கல்லுக்குக் கண் முளைத்த மாதிரி.
இரண்டு நாள் கத்தரித்தேன்.
உள்ளே மிஞ்சியது இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது.
காதில் பச்சை குத்திய இலக்கம், 61.
குட்டிகளைப்பற்றி நான் அதனிடம் கேட்கவில்லை.
பப்பாசி இலை வைத்தேன். தின்றது.

பிறகு கண்டியிலிருந்து ஒரு கடுவன்,
பிறகு கொப்பி, கொப்பியாக.

இப்போது வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறது.
போத்தல்களை அதற்குள்ளேயே உறைய வைக்கிறோம்.
என் பெருவிரல் மழைக்கு முதல் வலிக்கிறது,
நூல் அங்கங்கே தடிக்கிறது,
காக்காவின் மகன் விலையைக் குறைத்துவிட்டான்,
சரிதான் அவன் செய்தது.

இன்று 348க்கு முப்பத்தோராம் நாள்.
விடியவே வயிறு வெறுமை, பெட்டி வெள்ளை.
பத்து மணிக்குக் கரண்ட் போனது.
கச்சான் கூரைத் தகரத்தைப் பிடித்து ஆட்டுகிறது.
கடைசிப் போத்தலும் தண்ணீராகிக்கொண்டிருக்கிறது,
காதைத் தொட்டு வெளியே வருகிறேன்.

எழுபத்திரண்டு வயது மனுசன்
சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டு நிற்கிறார்.
சாக்கை எங்கே வைத்தாய் என்று கேட்கிறார்.