ஐந்து மணிக் கையுறை

செத்தூபல் துறைமுகத்தில் படகுகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்த காலை
முதல் மாதிரியை மேசைமேல் வைத்தேன்.
ஏழு அறை, ஏழு மூடி,
வெண்ணெய் நிறத்தில் பிளாஸ்டிக்.
அழகாகத்தான் இருந்தது.

தியோலிண்டா அதை எடுக்கவில்லை.
பக்கத்தில் தன் கையை வைத்தாள்.
விரல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன,
காற்றடித்த நாணல் போல
என்று எழுதத் தோன்றுகிறது.
இல்லை. காற்று நின்றால் நாணல் நிமிர்ந்துவிடும்.

"முப்பத்தோரு வருஷம் மத்தி டின் மூடினேன்.
திறப்பது வேறு யார் வீட்டு வேலையோ.
இப்போது என் வீட்டில்
எதுவுமே திறப்பதில்லை."

பிறகு பல்லால் திறந்து காட்டினாள்.
வியாழக்கிழமையின் விளிம்பில்
பல் பதிந்தது.

குறிப்பேட்டில் எழுதினேன்:
நகம் கூடாது. கிள்ளல் கூடாது. திருகல் கூடவே கூடாது.
அடுத்து எர்மீனியு வந்தார், கொத்தனார்.
பக்கவாதத்துக்குப் பின் அவருடைய இடக்கை
மடியில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி.
ஒரு கை போதும் என்றும் எழுதினேன்.

அந்த வாரம் ஒரு கையுறை தைத்தேன்.
விரல்களுக்குள் மூங்கில் சிம்பு,
மூட்டுக்கு மூட்டு ரப்பர் வளையம்.
நாள் முழுக்க அதோடு இருந்தேன்.
காபிக் கோப்பை விழுந்தது.
ஜிப் ஏறவில்லை.
பேருந்தில் சில்லறையைப் பொறுக்கித் தந்தவருக்கு
நன்றி சொல்லக்கூட எரிச்சலாயிருந்தது.
"இப்போது எனக்குப் புரிகிறது" என்றேன் அவளிடம்.
"ஐந்து மணிக்குக் கழற்றிவிடுவாய், இல்லையா?"
என்று கேட்டாள்.
கோபமாக இல்லை. நேரம் விசாரிப்பதுபோல.

நான்காவது, காந்த மூடி.
தொட்டதும் திறந்தது,
கை நடுங்கியதும் கவிழ்ந்தது.
ஒரு வாரம் முழுவதும் தரையில் உருள
ஞாயிற்றுக்கிழமையை நாய் தின்றது.
உள்ளே இருந்தவை சோம்பு மிட்டாய்கள், நல்லவேளை.

ஆறாவதைப் பக்கத்துக் கடைக்காரரின் மகள் பெனெடிட்டா,
மூன்று வயது,
இரண்டு நொடியில் திறந்தாள்.
அன்று யாரும் பேசவில்லை.
அவள் மட்டும் கைதட்டினாள்.

எழுத்துகளும் எங்களோடு ஒத்துழைக்கவில்லை.
எங்கள் மொழியில் மூன்று கிழமைகளுக்கு
முதலெழுத்து ஒன்றே,
இன்னும் இரண்டுக்கு இன்னொன்று.
"இன்று எந்த எஸ்?" என்பாள் தியோலிண்டா
கண்ணாடியைத் தேடியபடி.
எர்மீனியுதான் சொன்னார்:
நம் திங்களுக்குப் பெயரா இருக்கிறது?
அது வெறும் இரண்டாவது. வெள்ளி ஆறாவது.
அப்படியே மேடு வைத்தோம், இரண்டிலிருந்து ஆறு வரை.
புறங்கையால் தடவினாலே போதும்.
சனிக்கு ஒரு நீளக் கோடு.
ஞாயிறை மொழுக்கென்று விட்டுவிட்டோம்,
அன்றைக்கும் எதற்கு எண்ணிக்கை என்று.

பதினொன்றாவது வரும்வரை
நான் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவள் நாற்காலியிலிருந்து எழுவதைப் பார்க்கவில்லை:
முன்கையை மேசையில் ஊன்றி
உடம்பை அதன்மேல் சாய்த்து
எழுந்தாள்.
தினமும் அப்படித்தான் எழுந்திருக்கிறாள்.

பலம் வேண்டாம். பாரம் போதும்.

அடியில் தக்கை ஒட்டினேன், நழுவாதபடி.
மேலே அகலமாக ஒரு பலகை.
முழங்கையோ மணிக்கட்டோ சாய்ந்தால்
இன்றைய அறை மட்டும் முன்னால் நகர்ந்து
குழிந்த தட்டில் மாத்திரையைச் சாய்க்கும்.
தியோலிண்டா சாய்ந்தாள்.
மிட்டாய் விழுந்த சத்தம்
எல்லோருக்கும் கேட்டது.

பெனெடிட்டா அழுத்தினாள். திறக்கவில்லை.
குத்தினாள். திறக்கவில்லை.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
பிறகு மேசைமேல் ஏறி
அதன்மேல் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டாவதுக்குத் தாள் எடுத்தேன்.

"எங்கள் வீட்டில் குழந்தை இல்லை" என்று
பதினொன்றாவதைப் பைக்குள் தள்ளிக்கொண்டாள் தியோலிண்டா.
மணி ஐந்து.
மேசையில் கிடந்த கையுறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
கோட்டின் முன்பக்கத்தைப் புறங்கையால் தட்டிக் காட்டினாள்:
ஐந்து பொத்தான்,
ஒன்றும் போட்டிருக்கவில்லை.
"அது முடிந்ததும் இதைக் கவனி."
வெளியே ஆற்றுக் காற்று
கோட்டைத் திறந்தபடியே அழைத்துப் போனது.